நாட் கிங் கோலைத் தேதி வரிசையில் கேட்கிறேன்: இதுவரை

அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலை ஆல்பம் ஆல்பமாகக் கேட்பதை விட்டுவிட்டு, அவர் ஸ்டூடியோவுக்குள் போன தேதி வரிசையில் கேட்டுக்கொண்டு வருகிறேன். எக்செல்லில் ஒரு ஷீட் போட்டிருக்கிறேன். பதிவான நாள், ஊர், கம்பெனி, யார் யார் வாசித்தார்கள், இசைக்கோர்வை யாருடையது, கடைசியாக ஒரு கட்டத்தில் "பியானோவில் யார்?" அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் இத்தனை வேலையும். உலகம் பாடகராகக் கொண்டாடும் இந்த மனிதர் முதலில் பியானோக்காரர். அந்தப் பியானோ எங்கே, எப்படி அவர் கையை விட்டுப் போனது என்பதைக் காதாலேயே பிடிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

பாட்டுக் கேட்கும் செயலிகளில் உள்ள வருடங்களை நம்பி இதைச் செய்ய முடியாது. ரீமாஸ்டர் செய்த வருடம், தொகுப்பு வெளிவந்த வருடம் என்று எதையாவது போட்டிருப்பார்கள். இதைவிடப் பெரிய பொறி 1961. ஸ்டீரியோ வந்த பிறகு தன் பழைய ஹிட்டுகள் பலவற்றை அவரே மறுபடி பாடி மூன்று தட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பாகக் கொடுத்தார். 'நேச்சர் பாய்', 'மோனா லிசா', 'அன்ஃபர்கெட்டபிள்' எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு இரட்டை உண்டு. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் வயலின்கள் இடது வலதாக விரிந்து நிற்கும், அது 1961. ஒரு பக்கம் கனத்த சத்தம், மறுபக்கம் கீச்சுச் சத்தம் என்று பிரிந்து கிடந்தால் அது மோனோவை, அதாவது ஒற்றைத் தடப் பதிவை, செயற்கையாகப் பிளந்த வேலை. அது பழைய பதிவுதான், மூஞ்சியை மட்டும் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஷீட்டின் முதல் வரி 1936, சிகாகோ. அண்ணன் எடி கோலின் குழுவில் பதினேழு வயதுப் பியானோக்காரர். மறுவருடம் லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய ட்ரியோ, மூவர் குழு, உருவாகிறது: பியானோ, ஆஸ்கர் மூரின் கிட்டார், வெஸ்லி பிரின்ஸின் பேஸ். ட்ரம்ஸ் கிடையாது. 1940 டிசம்பரில் டெக்கா கம்பெனிக்குப் பதிவு செய்த 'ஸ்வீட் லொரைன்' கேட்டுப் பாருங்கள். குரல் அழகுதான், ஆனால் பாட்டை இழுத்துக்கொண்டு போவது பியானோ. ட்ரம்ஸ் இல்லாத குறையே தெரியாமல் மூன்று பேரும் தாளத்தைக் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

1942 ஜூலையில் சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்கோடு ஒரு அமர்வு. அதில் பாட்டே இல்லை, வெறும் வாசிப்பு. அடுத்த மாதம் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ரெக்கார்டிங் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 1943 அக்டோபரில் கேபிடல் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தத்துக்கு வந்தது. நவம்பர் 30 அன்று அதே கம்பெனிக்கு கோல் 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்' பதிவு செய்தார். பாதிரியாரான அப்பாவின் பிரசங்கத்தில் வந்த கதை அது. உரிமையை முன்பே ஐம்பது டாலருக்கு விற்றுவிட்டிருந்தார். ஹிட் ஆன பிறகு வயிறு எரிந்திருக்கும்.

1944 ஜூலை 2 வரியில் பெயரைத் தேடினால் கிடைக்காது. லாஸ் ஏஞ்சலிஸ் கச்சேரி ஒன்றில் கிட்டார்காரர் லெஸ் பாலோடு கோல் வாசித்த பதிவு அது. கேபிடலோடு ஒப்பந்தம் இருந்ததால் தட்டில் 'ஷார்ட்டி நடீன்' என்று போட்டார்கள். நடீன் அப்போதைய மனைவியின் பெயர். லெஸ் பால் ஒரு சொற்கட்டை வீச, கோல் அதையே பியானோவில் திருப்பிப் போட, அவர் இன்னும் சிக்கலாக வீச, கூட்டம் சிரித்துக் கைதட்டுகிறது. நம் தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசிப்பார்களே, அதே கூத்து. இந்த மனிதரா பின்னாளில் மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று இருக்கிறது.

தேதி வரிசையில் போட்டதால் மட்டுமே கண்ணில் பட்டது 1947-இன் கடைசி. நவம்பர், டிசம்பரில் வரிகள் குவிகின்றன. 1948 ஏறக்குறைய வெறுமை. காரணம் 1948 ஜனவரி 1 முதல் சங்கத்தின் இரண்டாவது வேலைநிறுத்தம். கடை மூடுமுன் கிடைத்ததையெல்லாம் பதிவு செய்து அலமாரியில் அடுக்கியிருக்கிறது கம்பெனி. அந்த அவசரத்தில் வந்தவற்றில் சுமாரானவையும் நிறைய. ஆனால் 1947 ஆகஸ்டிலேயே பதிவாகி, 1948 மார்ச்சில் வெளிவந்தது 'நேச்சர் பாய்'. எட்டு வாரம் முதலிடம். போட்டிக்கு அதே பாட்டைப் பாடிய சினாட்ராவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா கிடைக்கவில்லை, குரல் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு பாட வேண்டியதாயிற்று. கோலுக்கோ புல்லாங்குழலும் வயலின்களும் தயாராக இருந்தன. இந்த வெற்றியில் வேலைநிறுத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணக்கு.

எனக்குப் பிடித்த சோதனை 'தி கிறிஸ்துமஸ் சாங்'. ஒரே பாட்டை நான்கு முறை பதிவு செய்திருக்கிறார்: 1946 ஜூன், 1946 ஆகஸ்ட், 1953, 1961. நான்கையும் அடுத்தடுத்து ஓட விட்டேன். ஜூனில் ட்ரியோ மட்டும். அவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அவர் விரல்களே பதில் சொல்கின்றன. பாடுகிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே ஆள். அதை அப்போது வெளியிடவில்லை. வயலின்கள் வேண்டும் என்று அவரே வற்புறுத்தி ஆகஸ்டில் மறுபடி பதிவு செய்தார், அதுதான் கடைக்கு வந்தது. ஜூன் பதிவு 1989-இல் ஒரு தொகுப்பில் தவறுதலாக ஏறித்தான் வெளியே தெரிந்தது. 1953-இல் முழு ஆர்க்கெஸ்ட்ரா, காந்த நாடா. 1961-இல் ஸ்டீரியோ, குரல் இறங்கி, லேசான கரகரப்போடு, அவசரமே இல்லாமல் வருகிறது. ஊரெங்கும் டிசம்பரில் ஒலிப்பது இந்தக் கடைசிப் பதிவுதான். அழகில் குறையில்லை. ஆனால் மூச்சு வாங்கும் இடத்தில் இப்போது பதில் சொல்வது வயலின்கள்.

ஆக, பியானோ போனதை ஒரு தேதியில் ஆணி அடித்துச் சொல்ல முடியவில்லை. 1950-இல் 'மோனா லிசா' ஒரு முக்கியத் திருப்பம். லேபிளில் லெஸ் பாக்ஸ்டர் பெயர் இருக்கும், இசைக்கோர்வை செய்தது நெல்சன் ரிடில். இசையமைப்பாளர் பெயரைப் பார்த்துப் பாட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு ரிடிலின் கை உடனே பிடிபடும்: குரல் பேசும்போது ஒதுங்கி நின்று, அது ஓயும்போது மட்டும் நுழையும் வயலின்கள். 1957-இல் வந்த 'லவ் இஸ் த திங்' ஆல்பத்தில் கார்டன் ஜென்கின்ஸின் வயலின்கள் அப்படி ஒதுங்காது, கம்பளம் மாதிரி விரியும். எனக்கு ரிடில்தான்.

இடையில் 1956 ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு ஆச்சரியம்: 'ஆஃப்டர் மிட்நைட்'. பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விருந்தாளி. ஸ்டஃப் ஸ்மித்தின் வயலின் வரும் பாட்டுகளை முதலில் கேளுங்கள். கோலின் விரல்களில் துரு ஏறவே இல்லை. அதே வருடம் ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் மேடை ஏறி அவரைத் தாக்கினார்கள் வெள்ளை இனவெறியர்கள். நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஒரு விளம்பரதாரர் கூட முன்வராமல் அடுத்த வருடம் டிசம்பரில் முடிந்தது. இது எதுவும் அந்தத் தட்டில் கேட்காது.

1958-இல் ஸ்பானிஷ் ஆல்பம், மொழி தெரியாமல் உச்சரிப்பை மனப்பாடம் செய்து பாடியது. 1962-இல் 'ராம்ப்ளின் ரோஸ்', பெரிய ஹிட், எனக்கு ஒட்டவில்லை. 1964 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைசி ஆல்பம். நுரையீரல் புற்றுநோய் அதற்குள் முற்றியிருந்தது, ஆனால் குரலில் அதைத் தேடினாலும் தெரியவில்லை. 1965 பிப்ரவரி 15 அன்று காலமானார், வயது 45.

ஷீட்டில் இன்னும் ஏறாதவை 1938 முதல் ட்ரியோ வானொலி நிலையங்களுக்காகப் பதிவு செய்த 16 அங்குலத் தட்டுகள். கடையில் விற்பனைக்கே வராதவை. அடுத்து அவற்றைத்தான் எடுத்திருக்கிறேன். பியானோ கட்டத்தில் சந்தேகமே வராது. பதிவு நாளைத் தேடுவதில்தான் தலைவலி.