காட்டாமணக்குத் தூருக்கு ஏற்ற கிராங்க் பெய்ட்

கிராங்க் பெய்ட் அமெரிக்காவில் பாஸ் மீனுக்கென்று வளர்ந்த லூர், அதாவது மீன் வடிவச் செயற்கை இரை. நம் காவிரி டெல்டாவில் பாஸ் இல்லை. ஆனால் முங்கிக் கிடக்கும் கட்டையை ஒட்டிப் பதுங்கியிருந்து, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து அடிக்கிற குணம் விராலுக்கும் கடைமடைக் கொடுவாவுக்கும் உண்டு. அதனால் அங்கே செல்லுபடியாகும் கணக்கு இங்கேயும் செல்லும்.

கடையில் எல்லாரும் முதலில் கலரைத்தான் பார்க்கிறார்கள். லிப்பைப் பாருங்கள், அதாவது வாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை. நீளமாக, உடம்போடு ஒரே நேராகப் படுத்திருந்தால் அது ஆழத்துக்குப் போகிற லூர்; மூன்று நாலடித் தண்ணி ஓடும் வாய்க்காலில் வண்டலைத்தான் உழும். குட்டையாக, கொஞ்சம் நிமிர்ந்து, முனை சதுரமாக இருப்பதுதான் நமக்கு வேண்டும். ஓடும்போது தலை கீழே, வால் மேலே. தண்ணிக்குள் நிற்கும் காட்டாமணக்குத் தண்டில் முதலில் முட்டுவது லிப்பின் மூலை. முட்டியதும் லூர் சட்டென்று பக்கவாட்டில் புரண்டு விலகும்; தூண்டில் முள் இரண்டும் உடம்புக்குப் பின்னால் மறைந்தே வரும். அந்தப் புரளலில்தான் மீன் அடிக்கிறது. வட்ட லிப் திறந்த தண்ணியில் அழகாக ஓடும், கிளைக்குள் போனால் வழுக்கிக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து மிதப்பு. முட்டியவுடன் ரீல் சுற்றுவதை நிறுத்தி நூலைத் தளர்த்தினால் லூர் பின்வாங்கி மேலே எழும்ப வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் முள் இன்னும் ஆழமாகக் குத்தும். பால்சா மரத்தில் செய்தது வேகமாக எழும்பும். ஆனால் பாலத்துத் தூணில் மோதினால் உடைந்துவிடும், எடை குறைவு என்பதால் காற்றில் தூரமும் போகாது. சட்ரஸ் (மதகு) பக்கம், கருங்கல் கட்டுமானம் பக்கம் பிளாஸ்டிக்கே நல்லது.

கொடுவாவுக்குப் போகிறவர்கள் கூடவே வரும் முள்ளை நம்ப வேண்டாம், நிமிர்ந்துவிடும். தடித்த முள் மாற்றினால் எடை கூடி மிதப்பு குறையும். மாற்றிய பிறகு ஒரு வாளித் தண்ணியில் அமுக்கி விட்டுப் பாருங்கள்: மேலே வரத் தயங்கினால் ஒரு அளவு சின்ன முள் போடுங்கள், அல்லது மூன்று முனை முள்ளுக்குப் பதில் ஒற்றை முள். தூர் அடர்ந்த இடத்தில் வயிற்று முள்ளின் முன்பக்கம் பார்க்கும் முனையை மட்டும் வெட்டிவிடலாம். மாட்டுவது வெகுவாகக் குறையும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி நூலை அறுக்கும். லூருக்கு முன்னால் 40 பவுண்டு லீடர் (தடித்த முன்நூல்) போடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் ஆழம் நீளமாக வீசினால்தான் கிடைக்கும். நூல் தடிக்கத் தடிக்க ஆழமும் குறையும். லூர் முங்குவதற்கும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதனால் தூரைக் குறிவைத்து வீசாமல் அதைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வீசுங்கள். குறுகிய வாய்க்காலில் எதிர்க்கரைக்கு வீசுவது வீண். கரையோரமாகவே நீளவாக்கில் வீசினால் லூர் முழு தூரமும் தூரை உரசிக்கொண்டு வரும்.

வீசுவதற்கு முன் காலடியில் இரண்டு மீட்டர் இழுத்துப் பாருங்கள். லூரின் பின்னாலிருந்து பார்க்கையில் இடதுபக்கம் ஒதுங்கினால், நூல் கட்டும் வளையத்தைக் குறட்டால் துளி வலப்பக்கம் வளைக்கவும். துளி என்றால் துளிதான். கூடினால் வளையம் ஆடிப்போய் லூரே வீணாகும்.

கலருக்கு இவ்வளவு போதும்: மேட்டூர் திறந்து வரும் கலங்கல் தண்ணிக்குக் கருப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள், உள்ளே கிலுக்கு உள்ளதாக. தெளிந்த பிறகு கெண்டைக்குஞ்சு போல வெள்ளி.

வெங்காயத்தாமரை மூடிய குளத்தில் கிராங்க் பெய்ட்டை வெளியே எடுக்காதீர்கள். அங்கே ஃப்ராக் எனும் தவளை லூர்தான். சிவப்பாக விரால் குஞ்சுக்கூட்டம் மேலே புரண்டால் அதன் பக்கத்தில் எதையும் வீச வேண்டாம். தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும், பிடித்துவிட்டால் குஞ்சு மிஞ்சாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். உப்புத்தண்ணியில் போட்ட லூரை அன்றைக்கே நல்ல தண்ணியில் அலசிக் காயவையுங்கள். முள்ளை லூரோடு மாட்டியிருக்கும் வளையமான ஸ்பிளிட் ரிங்தான் முதலில் துருப்பிடிக்கும்.