வாயில் நடுவராக என் முதல் ஸ்லாலம்

ஸ்லாலம், அதாவது சரிவில் நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு, வாயில்களை (கம்பங்களால் குறிக்கப்பட்ட, வீரர்கள் கடக்க வேண்டிய இடங்களை) கவனிக்கும் வாயில் நடுவர்கள் தேவை என்ற அழைப்பு வந்தபோது, தடத்தின் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க நல்ல இடம் கிடைக்கும் என்ற ஆசையில்தான் பெயர் கொடுத்தேன். பந்தயத்துக்கு முந்தைய மாலை நடந்த பயிற்சி வகுப்பிலேயே அந்த ஆசை அடங்கிவிட்டது. கம்பம் எவ்வளவு சாய்ந்தது, வீரரின் உடல் எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் கணக்கில் வராது. இரண்டு ஸ்கீகளின் (சறுக்குப் பலகைகளின்) முனைகளும் இரண்டு பாதங்களும் திருப்புக் கம்பத்தின், அதாவது வீரர் சுற்றித் திரும்ப வேண்டிய கம்பத்தின், உரிய பக்கமாகக் கடந்தனவா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். வீரர் கையால் தட்டிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டாலும், கம்பம் பனியில் நடப்பட்டிருந்த இடமே அளவுகோல் என்று பயிற்றுநர் பலமுறை சொன்னார்.

அவர் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். வாயில் நடுவருக்கு யாரையும் தகுதிநீக்கம் செய்யும் அதிகாரம் இல்லை. கண்ட பிழையை வீரரின் எண், வாயில் எண், ஒரு சிறு கோட்டுப்படம் ஆகியவற்றோடு அட்டையில் பதிவதுடன் அவர் வேலை முடிகிறது. அட்டைகளைத் திரட்டித் தகுதிநீக்கப் பட்டியலை ஒட்டுவது ரெஃப்ரியின் பொறுப்பு. அதன்மீது ஆட்சேபம் வந்தால், பந்தயம் விதிப்படி நடக்கிறதா என்று கண்காணிக்கும் அதிகாரியான டெக்னிக்கல் டெலிகேட் தலைமையில் ரெஃப்ரியும் பந்தயத் தலைவரும் அடங்கிய ஜூரி கூடித் தீர்மானிக்கும். சந்தேகம் எழுந்தால் அதன் பலன் வீரருக்கே.

1968ஆம் ஆண்டு கிரெனோபிள் ஒலிம்பிக்கில் மூடுபனிக்கு நடுவே நடந்த ஸ்லாலத்தை அவர் எடுத்துக்காட்டினார். தடத்தில் யாரோ குறுக்கே வந்ததாகச் சொல்லி ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்ரான்ட்ஸ் பாதியில் நின்றார். மறு ஓட்டம் அளிக்கப்பட்டது. அதில் அவரே வெற்றி பெற்றவராகவும் தோன்றினார். ஆனால் குறுக்கீடு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட இடத்துக்கு முன்பே அவர் வாயிலைத் தவறவிட்டிருந்தார் என்று பின்னர் முடிவாகி, பிரான்ஸின் ழான்-குளோட் கில்லிக்குத் தங்கம் போனது. அந்த முடிவைப் பற்றிய வாதம் நெடுங்காலம் ஓயவில்லை என்பதால், மூடுபனியில் நின்ற அந்த நடுவர்களை நினைத்து அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை எனக்கு 21 முதல் 24 வரையிலான வாயில்கள் ஒதுக்கப்பட்டன. குளிரில் பேனா மை உறைந்துவிடும் என்று பென்சில் தந்தார்கள். கம்பங்கள் பிடுங்கிக்கொண்டால் அதே இடத்தில் நடுவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் பனியில் சாயமிட்டிருந்தது. மேலே தொடக்க ரெஃப்ரியும், கீழே முடிவு ரெஃப்ரியும், தனித்தனியாக இயங்கும் இரண்டு மின்னணு நேரக் கருவிகளுக்கான ஆட்களும், அவை இரண்டும் கைவிட்டால் துணைக்கு இருக்கட்டும் என்று கையால் நேரம் எடுப்பவர்களும் இருந்தார்கள். நூறில் ஒரு நொடியில் வெற்றி தோல்வி முடிவாகும் ஆட்டத்தில் இத்தனை ஏற்பாடு மிகையாகத் தோன்றவில்லை.

எனது நான்கு வாயில்களும் நேர்பட எதிரே தெரியும்படி ஓரிடத்தைத் தேர்ந்து, பனியை மிதித்துச் சமதளமாக்கி நின்றேன். முதல் 20 பேர்வரை அட்டையில் எழுத எதுவும் இல்லை. பிறகு ஒருவர் 22ஆவது கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்; ஓடிப்போய்ச் சாயக் குறி பார்த்து அதைத் திரும்ப நட்டுவிட்டு, நேரமாகிறதே என்ற அவசரத்தில் பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஏழெட்டு அடி கீழே அப்படியே நின்றுவிட்டேன். எண் 27 வந்தார். 23ஆவது கம்பத்தில் அவரது இடது ஸ்கீயின் முனை உட்பக்கமாகப் போனதுபோல், அதாவது கம்பம் இரண்டு கால்களுக்கும் நடுவே வந்ததுபோல், எனக்குத் தெரிந்தது. எண்ணை எழுதி, வாயில் எண்ணை எழுதி, முனை சென்ற பாதையைக் கோடாக வரைந்தேன். ‘போல்’ என்று என் மனத்துக்குள் இருந்த சொல் அட்டையில் ஏறவில்லை.

முதல் ஓட்டம் முடிந்ததும் பட்டியல் ஒட்டப்பட்டது. அதிலிருந்து 15 நிமிடங்களுக்குள் ஆட்சேபம் தர வேண்டும். 100 சுவிஸ் பிராங்குக்கு ஈடான வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். ஆட்சேபம் ஏற்கப்பட்டால் பணம் திரும்பும். அந்த அவகாசம் தீரும்வரை நடுவர்கள் கலைந்து போகக் கூடாது என்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எண் 27-இன் பயிற்சியாளர் எழுத்து மூலமாகவே ஆட்சேபம் கொடுத்திருந்தார், என்னைக் கூப்பிட்டார்கள்.

குரல் உயரும், யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். டெக்னிக்கல் டெலிகேட் அட்டையை மேசையில் வைத்து, எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டார். அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பிடுங்கிய கம்பத்தை நட்டதையும், இடம் மாறி நின்றதையும், அங்கிருந்து 23ஆவது கம்பம் சற்றே பக்கவாட்டில் தெரிந்ததையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பிறகு பயிற்சியாளரின் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். கம்பத்துக்கு நேர் மேலிருந்து எடுத்த படம் அது. இரண்டு முனைகளும் கம்பத்தின் வெளிப்பக்கமாக, ஒரு சாண்கூட இல்லாத இடைவெளியில், கடந்துபோவது அதில் தெரிந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டு மூவரும் வாக்களித்தார்கள். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. அவருடைய நேரம் முடிவுகளில் மீண்டும் சேர்க்கப்பட்டு, இரண்டாவது ஓட்டத்தின் புறப்பாட்டுப் பட்டியல் திருத்தி வெளியானது.

அவமானமாகத்தான் இருந்தது. பக்கத்து வாயில் நடுவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐயம் இருந்ததை உடனே ரெஃப்ரியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ரெஃப்ரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நின்ற இடத்தைச் சொன்னதால் வேலை சீக்கிரம் முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டாவது ஓட்டத்துக்கான புது அட்டையை நீட்டினார்.

தடத்துக்குத் திரும்பியதும் காலையில் மிதித்து வைத்த சமதளத்தைத் தேடிப் போய், குதிகாலால் பனியில் ஒரு கோடு கிழித்தேன். இரண்டாவது ஓட்டத்தில் இருமுறை கம்பம் பிடுங்கப்பட்டது. இருமுறையும் நட்டுவிட்டு அந்தக் கோட்டுக்கே ஓடி வந்தேன். எண் 27 என் வாயில்களைக் கடந்தபோது அட்டையில் எழுத எதுவும் இருக்கவில்லை.