கொல்லையில வாத்து சண்டையா, முதல்ல ஆண் எத்தனைன்னு எண்ணுங்க

வாத்து வளர்க்கிறவங்க என்கிட்ட கேக்குறதுல பாதிக்கு மேல இந்த ஒரு கேள்வி தான். "அக்கா ஒரு வாத்து இன்னொன்ன கழுத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு, பின்மண்டைல இறகே இல்ல, ரத்தம் வேற வருது, என்ன மருந்து போடலாம்?" மருந்து சொல்றேன் தம்பி, அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஆண் எத்தனை பெட்டை எத்தனைன்னு சொல்லுன்னு தான் நான் திருப்பிக் கேப்பேன். பெரும்பாலும் பதில் "தெரியலக்கா, குஞ்சா வாங்குனது"ன்னு வரும். அங்கயே விஷயம் பாதி புரிஞ்சிரும்.

வாத்துக் குஞ்சு விக்கிறவங்க ஆண் பெண் பிரிச்சு தர்றதில்ல, அள்ளி அட்டைப்பெட்டில போட்டுக் குடுப்பாங்க. பத்து குஞ்சு வாங்குனா ஏறக்குறைய அஞ்சு ஆணா வரும், அது இயற்கை. ஆனா வாத்துக் கூட்டம் நிம்மதியா இருக்கணும்னா ஒரு ஆணுக்கு நாலுல இருந்து ஆறு பெட்டை வேணும். அஞ்சு ஆண் இருந்தா இருபது பெட்டையாவது வேணும், நம்ம கொல்லைல இருக்கறது அஞ்சு. குஞ்சா இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, எல்லாம் ஒத்துமையா ஒரே வரிசைல போகும், பாக்கவே ஆசையா இருக்கும். அஞ்சு ஆறு மாசம் ஆகி பருவத்துக்கு வந்ததும் தான் அத்தனை ஆணும் சேர்ந்து அந்த அஞ்சு பெட்டைய நாள் பூரா மிதிக்க, அதாவது இணை சேர மேல ஏற ஆரம்பிக்கும். மிதிக்கிறப்போ பிடிமானத்துக்கு பெட்டையோட பின்கழுத்த அலகால கவ்விக்கும், அதனால தான் அந்த இடத்துல மட்டும் சொட்டையாகுது, முதுகுல நகம் கீறி இறக்கையோரம் புண்ணாகுது. இதப் பார்த்துட்டு "இந்த வாத்துக்கு கொழுப்பு, வெறி புடிச்சிருச்சு"ன்னு சொல்றாங்க பாருங்க, எனக்கு மனசு கேக்காது. அது மேல ஒரு தப்பும் இல்ல, கணக்கு தான் தப்பு.

எங்க டெல்டா பக்கம் அறுவடை முடிஞ்ச வயல்ல வாத்துப் பட்டி போடுவாங்கல்ல, அடுத்த தடவ அந்த மந்தைய நின்னு பாருங்க. நூத்துக்கணக்குல போகும், ஆனா அதுல ஆண் ரொம்ப ரொம்ப கம்மியா தான் இருக்கும். முட்டைக்காக வளர்க்கிறவங்க தேவைக்கு மேல ஒரு ஆணக்கூட தீனி போட்டு வச்சுக்க மாட்டாங்க.

ஆண் எது பெட்டை எதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல. ரெண்டு மாசத்துக்குள்ள குரல் பிரிஞ்சிரும், பெட்டை தான் ஊருக்கே கேக்கற மாதிரி பக் பக்னு கத்தும், ஆணுக்கு தொண்டை கட்டுன மாதிரி கரகரன்னு சன்னமா தான் வரும். கையில தூக்குனா கத்துதா இல்லையான்னு பாத்தாலே போதும். அப்புறம் வளர்ந்த ஆணுக்கு வால் மேல ஒண்ணு ரெண்டு இறகு மேல்நோக்கி சுருண்டு நிக்கும். நாட்டு வாத்து, காக்கி கேம்பல், வெள்ளை பெக்கின் எல்லாத்துக்கும் இது பொருந்தும். மணிலா வாத்துக்கு மட்டும் பொருந்தாது, அதுக்கு வால் சுருளும் கிடையாது, ஆண் கத்தவும் கத்தாது, புஸ் புஸ்னு சீறும், மூஞ்சில சிவப்பு சதை நிறைய இருக்கும், உடம்பு பெட்டைய விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரும். மணிலா ஆண் நகம் ரொம்ப கூர்மை, கூரை மேல ஏறி உக்காருற ஜாதி அது. அதை சின்ன நாட்டு வாத்துங்க கூட ஒரே கொட்டாய்ல அடைக்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன். அந்த எடைய நாட்டுப் பெட்டை தாங்காது, அதுவும் போக அதுங்க ரெண்டுக்கும் பொறக்கற குஞ்சு வளர்ந்தாலும் இனம் பெருக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம், கோழியும் வாத்தும் ஒண்ணா வளர்க்கறவங்க தயவு செஞ்சு இத கவனிங்க. பெட்டை பத்தாத ஆண் வாத்து கோழி மேல ஏறும். சேவலுக்கு வெளிய நீளுற உறுப்பே கிடையாது, ஆண் வாத்துக்கு இருக்கு, அதுவும் நீளமா திருகு மாதிரி சுருண்டு இருக்கும், கோழியோட உடம்பு அதுக்கு ஏத்த உடம்பே இல்ல. உள்காயம் பட்டு கோழி செத்துப்போகும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, சீக்குன்னு நெனச்சுருவாங்க. அதனால ஆண் வாத்து இருக்கற எடத்துல கோழி வேணாம்.

சரி, எல்லாமே சண்டையான்னா அதுவும் இல்ல. தலைய மேலயும் கீழயும் வேகவேகமா ஆட்டுறது ஜோடி சேர்றதுக்கான பேச்சு. பெட்டை ஒண்ணு தோளுக்கு மேல தலைய திருப்பித் திருப்பி கத்திக்கிட்டே ஒரு ஆண் பின்னாடி போகும், அது "இவன வெரட்டு"ன்னு தன் ஜோடிய தூண்டி விடுறது, கடிக்க வர்றதில்ல. ரெண்டு ஆண் நெஞ்சோட நெஞ்சு மோதி கழுத்துப் பக்கம் கவ்விக்கிட்டு இறக்கையால அடிச்சுக்கும், யாரு பெரியவன்னு முடிவானதும் கொஞ்ச நேரத்துல விட்டுரும், அதுக்குள்ள நீங்க குச்சி எடுத்துக்கிட்டு ஓடுனா முடிவே ஆகாம மறுபடி மறுபடி நடக்கும். ரத்தம் வந்தா, ஒண்ணு மூலைல மாட்டிக்கிட்டு தப்பிக்க வழி இல்லாம கெடந்தா, இல்ல ஒரு பறவைய தீனிகிட்டயே அண்ட விடலன்னா அப்ப உடனே பிரிங்க.

அதிகப்படி ஆண என்ன பண்றதுன்னா விக்கலாம், கறிக்கு எடுத்துக்கலாம், அது அவங்கவங்க வீட்டு முடிவு. பாசமா வளர்த்துட்டோம் மனசு வரலன்னா ஆணுங்கள மட்டும் தனியா ஒரு அடைப்புல விடுங்க. நெறைய பேரு ஆணா சேர்ந்தா இன்னும் அடிச்சுக்கும்னு பயப்படுறாங்க, பெட்டை கண்ணுல படாம சத்தமும் கேக்காம இருந்தா அதுங்க பாட்டுக்கு சாதுவா இருக்கும். நடுவுல வெறும் வலை கட்டி அந்தப் பக்கம் பெட்டைங்க தெரிஞ்சா மட்டும் நாள் பூரா வலையோரமே அடிதடி தான்.

ஐப்பசி அடைமழைல ஆரம்பிச்சு மாசி வரைக்கும் முட்டைக் காலம், அப்ப தான் இந்தத் தொந்தரவு உச்சத்துல இருக்கும், கோடைல இறகு உதிர்றப்போ தானா தணியும். அந்தக் காலத்துலயாவது எடத்த தாராளமா குடுங்க. ராத்திரி அடைக்கிற கொட்டாய்ல ஒரு வாத்துக்கு குறைஞ்சது 4 சதுர அடி, பகல்ல திரியறதுக்கு 10 முதல் 15 சதுர அடி. தவிடும் குருணையும் ஒரே சட்டில வைக்காம தள்ளித் தள்ளி ரெண்டு மூணு எடத்துல வைங்க, வல்லவன் ஒரு சட்டிய காவல் காக்கறப்போ மத்தது வேற சட்டில சாப்ட்டுக்கும். கொல்லைல நாலு வாழை, ஒரு ஓலைத் தட்டி, கவுத்த கூடைன்னு மறைவுக்கு ஏதாவது இருந்தா தொரத்துற வாத்து கண்ணுக்கு ஓடுற வாத்து தெரியாம போயிரும், அது ரொம்ப பெரிய நிம்மதி. சிமெண்ட் தொட்டி வச்சிருக்கவங்க உள்ள செங்கல் அடுக்கி சரிவா ஏறி வர்ற மாதிரி பண்ணிருங்க. தண்ணில வச்சு ரெண்டு மூணு ஆண் ஒரே பெட்டைய அமுக்குனா அது மூழ்கியே செத்துரும்.

இப்ப மருந்து. புண்ண உப்பு போட்டு ஆறவச்ச வெந்நீர்ல கழுவி போவிடோன் அயோடின் தடவுங்க, மழைக்காலம்னா ஈ மொய்ச்சு ஒரே நாள்ல புழு வச்சிரும் அதனால சுத்தி வேப்பெண்ணெய் தடவி காலைலயும் சாயங்காலமும் பாருங்க. புண்ணு ஆழமா இருந்தா, கண்ணுல பட்டிருந்தா கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிருங்க. காயம் பட்டத தனியா வைக்கணும், ஆனா கூட்டத்து பெட்டைங்கள பாக்கற மாதிரி பக்கத்துலயே வைங்க, மொத்தமா மறைச்சு வச்சுட்டு ஆறுனதும் கொண்டு விட்டா புதுசா வந்தவன்னு நெனச்சு மறுபடி கொத்தும்.

மனுஷங்கள கடிக்கிற வாத்து வேற கதை. ஒத்தக் குஞ்சா வாங்கி பிள்ளைங்க கூடவே படுக்க வச்சு வளர்த்தது தான் பெரும்பாலும் இப்படி ஆகும். பொரிச்சு வந்ததும் முதல்ல பாக்கற உயிரு பின்னாடி போயி அதையே தன் இனம்னு மனசுல பதிய வச்சுக்கும்னு விலங்குங்க நடத்தைய ஆராஞ்ச கான்ராட் லோரன்ஸ்ங்கற விஞ்ஞானி வாத்து இனப் பறவைங்கள வச்சே காட்டுனாரு, 1973ல நோபல் பரிசும் வாங்குனாரு. அப்படி வளர்ந்த ஆண் பருவத்துக்கு வந்தா உங்க கால தான் ஜோடியாவோ எதிரியாவோ பாக்கும், அதுக்கு வேற ஆளு தெரியாது. ஓடாதீங்க, ஓடுனா அது ஜெயிச்சதா அர்த்தம். உதைக்கவும் கூடாது. குனிஞ்சு முதுகு மேல ரெண்டு கையும் வச்சு மெதுவா தரையோட அழுத்தி, மூச்சு முட்டாம, அது திமிறுறத நிறுத்தி கழுத்த தளர விடுற வரைக்கும் புடிச்சிருந்து விடுங்க. ஒவ்வொரு தடவ கடிக்க வர்றப்பவும் இதையே பண்ணணும், வீட்டுல எல்லாரும் பண்ணணும். காலப் புடிச்சு தலைகீழா மட்டும் தூக்காதீங்க, வாத்துக்கு கால் ரொம்ப வீக், இறக்கையோட சேர்த்து உடம்ப அணைச்சு தான் தூக்கணும். குஞ்சு வாங்குறதே ரெண்டு மூணா வாங்குனா இந்தப் பிரச்சனை பெரும்பாலும் வராது.

அடைல உக்காந்த பெட்டை சீறுனா, கொத்துனா அத திருத்தப் போகாதீங்க, அது தன் வேலைய சரியா பாக்குது. நாட்டு வாத்துக்கு 28 நாள், மணிலாவுக்கு 35 நாள், அது வரைக்கும் தீனியும் தண்ணியும் எட்டுற தூரத்துல வச்சுட்டு ஆண அந்தப் பக்கம் விடாம பாத்துக்கங்க. குஞ்சு வந்ததும் தாயோட வலைக்கு இந்தப் பக்கம் வச்சு மத்ததுங்க கண்ணுல பட விடுங்க, உடம்பு முக்கால்வாசி வளர்ந்து இறகு கட்டுனப்புறம் கதவத் தெறந்தா போதும்.