பூக்கூடைப் பெண் யார் வார்த்தது?

ஜனவரி 18, 2024, வியாழன். காரைக்குடி

ஆச்சி வீட்டுச் சாமான் பட்டியலில் ஒரு வரியை மட்டும் இன்று நிரப்பாமல் விட்டு வந்தேன். 45 செ.மீ. உயரச் சிலை. காற்றில் அலையும் மெல்லிய ஆடை, இடுப்பில் பூக்கூடை, கறுப்புக் கல் பீடம். பீடத்தில் அறைந்த பித்தளைத் தகட்டில் ‘மொரோ’ என்ற பிரெஞ்சுப் பெயர். வலது கை மணிக்கட்டோடு உடைந்து தனியே துணியில் முடிந்து கிடக்கிறது. ஐயா ரங்கூனில் வாங்கியது என்கிறார் ஆச்சி. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்கள் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கொண்டுவந்து இறக்கிய ஊர்கள் இவை. பிரெஞ்சுச் சிலை ஒன்று வந்ததில் வியப்பில்லை.

முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் புழங்கும் தரகர் ஒருவர், வெண்கலம் என்று சொல்லி விற்றுத் தருவதாகப் பேசிப் போயிருக்கிறார். “தம்பி, அது வெண்கலந்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. வித்தாலும் பொய் சொல்லி விக்க வேணாம்” என்றார் ஆச்சி. அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஜனவரி 19, வெள்ளி

காந்தம் சிலையில் எங்கும் ஒட்டவில்லை. அடியில் உள்ள நட்டிலும் உள்ளே போகும் கம்பியிலும் மட்டும் ஒட்டுகிறது. ஆக வார்ப்பிரும்பு இல்லை. வெண்கலமா துத்தநாகமா என்பதைக் காந்தம் சொல்லாது, இரண்டுமே அதற்கு ஒன்றுதான்.

விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் மணிபோல நின்று ஒலிக்கும். இது ‘டொக்’ என்று அங்கேயே அடங்கியது. பீடத்தில் இறுக்கிய சிலை எதுவானாலும் ஒலி கொஞ்சம் அடங்கத்தான் செய்யும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது.

உடைந்த மணிக்கட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் சந்தேகம் பாதி தீர்ந்தது. வெண்கலம் எளிதில் இப்படி ஒடியாது. அடிபட்டால் முதலில் வளையும், உள்ளே பொன் கலந்த சிவப்பாக இருக்கும். இங்கே உடைப்பு சாம்பல் நிறம், சர்க்கரை மணிபோலப் பளபளக்கும் படிகங்கள். விளிம்பில் மட்டும் மெல்லிய செப்புக் கோடு. அதற்கு மேலே பழுப்புச் சாயம்.

தோளிலும் இடுப்பிலும் ஒட்டுத் தடம் தெரிகிறது. உருக்கிய துத்தநாகத்தை உலோக அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் உறைந்ததும் மீதியைத் திரும்பக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சோடு ஒட்டி மெல்லிய ஓடு நிற்கும். கை, உடல், கூடை என்று தனித்தனியாக வார்த்து ஈயப் பற்று வைத்து இணைத்து, மேலே மின்முலாமாகச் செம்பு ஏற்றி, வெண்கல நிறம் கொடுப்பார்கள். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். வார்த்த பிறகு ஸ்தபதி உளி பிடித்துக் கண் திறப்பார். இந்தப் பெண்ணின் இமையிலும் கூந்தலிலும் உளி பட்ட கூர்மை எங்கும் இல்லை. அச்சு கொடுத்த மழுங்கல் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

ஆச்சியின் அனுமதியோடு உடைந்த கையை நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். காற்றில் 64 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 54.9. குறைந்த 9.1 கிராம்தான் அது இடம்பெயர்த்த தண்ணீர். வகுத்தால் அடர்த்தி ஏறக்குறைய 7. துத்தநாகம் 7.1, வெண்கலம் 8.8 அளவில் இருக்கும். முழுச் சிலையை இப்படி நிறுக்க முடியாது. உள்ளே கம்பியும் காற்றும் உண்டு. கெட்டியான துண்டு ஒன்று தனியாகக் கிடைத்தது நல்லதாயிற்று.

பிறகு தங்கத்துக்கு டச், அதாவது தரம் பார்க்கும் கடைக்குப் போனோம். அங்கே உள்ள எக்ஸ்ரே இயந்திரத்தில் முதலில் கையின் மேற்புறத்தை வைத்தார் கடைக்காரத் தம்பி. திரையில் செம்பு தலைதூக்கி நின்றது. “செம்புதான்ணே, வெண்கலமா இருக்கும்” என்றார். “உடைஞ்ச பக்கத்த வச்சுப் பாருங்க” என்றேன். திருப்பி வைத்ததும் துத்தநாகம் ஏறி நின்றது, கூடக் கொஞ்சம் ஈயம். இந்த இயந்திரம் உலோகத்துக்குள் தலைமுடித் தடிமன்கூட இறங்குவதில்லை. முலாம் போட்ட எந்தப் பொருளுக்கும் மேல்தோலை மட்டும் பார்த்துச் சான்று வாங்கினால் அது முலாமுக்கான சான்றுதான். பழைய சிலை வைத்திருக்கும் எல்லோரிடமும் இதைச் சொல்ல ஆசை.

ஜனவரி 25, வியாழன், தைப்பூசம்

கடைக்காரர்கள் பலர் பழனிக்கு நடந்து போயிருக்கிறார்கள். உட்கார்ந்து மொரோவைப் பற்றி எழுதுகிறேன்.

மொரோ என்பது ஒரே ஆள் இல்லை. பிரான்சின் டிஜோன் நகரில் ழான் பாப்டிஸ்ட் மொரோ என்ற சிற்பி. அவர் பிள்ளைகள் மாதுரின், இப்போலித், அகஸ்த் மூவரும் சிற்பிகள். மாதுரின் (1822-1912) வால் தோஸ்ன் என்ற பிரெஞ்சு வார்ப்பாலைக்கு அச்சுருக்கள் செய்துகொடுத்தவர். கியூபெக் நகரில் இன்று நிற்கும் தூர்னி நீரூற்று அவருடையது, அது வார்ப்பிரும்பு. பூவும் இறகும் மெல்லிய ஆடையுமாகப் பெண்களைச் செய்த பெயர் அகஸ்துக்கு (1834-1917) உண்டு. நம் தகட்டில் முதலெழுத்தே இல்லை. பெண்ணின் சாயலை வைத்து ‘அகஸ்த்’ என்று எழுதிவிடக் கை போகிறது, எழுத மாட்டேன். தகடு பீடத்தில் ஆணியால் அறைந்தது. பீடத்தை மாற்றினால் பெயரும் மாறிவிடும். உலோகத்திலேயே வார்த்த கையெழுத்து ஆடை மடிப்பில் எங்கும் இல்லை.

அப்படியே கையெழுத்து இருந்தாலும் சிற்பி தொட்ட சிலை என்று ஆகாது. 1836-இல் ஆஷில் கோலா என்ற பிரெஞ்சுக்காரர் சிற்பங்களைச் சிறிதாக்கிப் படியெடுக்கும் இயந்திரம் செய்தார். இரண்டு வருடத்தில் பார்பெதியன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து வார்ப்பாலை தொடங்கினார். அந்த நூற்றாண்டில் சிற்பி ஒருவர், சிறிதாக்கியவர் ஒருவர், வார்த்தவர் ஒருவர், முலாம் போட்டவர் ஒருவர். பெர்லினில் மோரிட்ஸ் கைஸ் 1830-களிலேயே கட்டடச் சிற்பங்களைத் துத்தநாகத்தில் வார்த்துக்கொண்டிருந்தார். 420 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் என்பதால் செலவு குறைவு. நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறைக்குள் சிற்பம் நுழைந்தது அதனால்தான். இதைப் ‘போலி’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வெண்கலம் என்று சொல்லி விற்றால்தான் போலி.

பீடத்தின் அடியில் ஆங்கிலத்தில் ‘மேட் இன் பிரான்ஸ்’ என்ற முத்திரை. அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் கேட்டது. அதற்குப் பிறகு இப்படிப் பொறிப்பது பெருகியது. ஐயா ரங்கூனில் இருந்த காலத்துக்கும் அது முரண்படவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

ஆச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சிலையையே பார்த்தார். “வெல கொறையுமா தம்பி?” “கொறையும் ஆச்சி. அதே சிலை வெண்கலத்துல இருந்தா பல மடங்கு போகும்.” “அப்ப இங்கயே இருக்கட்டும்” என்றார்.

புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று வேலைக்காரப் பெண்ணிடமும் சொல்லியாயிற்று. புளிப்பு செப்புத் தோலைச் சுரண்டி, கீழே துத்தநாகத்தை அரிக்கும். பாலிஷும் கூடாது, மெல்லிய தூரிகை போதும். பித்தளைப் பற்று வைக்கும் பட்டறைக்குக் கையைக் கொண்டுபோனால் அந்தச் சூட்டில் மணிக்கட்டே உருகி ஓடிவிடும். அரால்டைட் பசை வைத்து ஒட்டுகிறேன் என்றேன், சரி என்றார்.

பட்டியலில் எழுதியது: ‘பூக்கூடைப் பெண். துத்தநாக வார்ப்பு, செப்பு முலாம், வெண்கல நிறம். பிரான்ஸ், 1891-க்குப் பின் ஆகலாம். தகட்டில் மொரோ, எந்த மொரோ என்று சிலையில் சான்றில்லை. வார்ப்பாலை முத்திரை இல்லை. வலது கை உடைந்து ஒட்டியது.’