படிவத்தில் ‘ஷெல்ரர்’ என்று இருந்தால்

ரொறன்ரோவில் வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே ‘ஷெல்ரர்’ (shelter) என்ற ஆங்கிலச் சொல் நாலு பக்கத்தாலும் வந்து மோதும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற கண்ணாடிக்கூடு ஷெல்ரர். இருக்க இடமில்லாதவர்கள் இரவு தங்குவதும் ஷெல்ரர். அநாதரவான நாய் பூனைகளை வைத்திருக்கிற இடமும் அதுதான். (ஈழத்துக் காதில் முதலில் விழுவது ‘ஷெல்’, வந்து விழுகிற குண்டு. அதற்கு ஒளிந்த இடத்துக்கு எங்களிடம் இருந்த பெயர் பங்கர்.) இதிலெல்லாம் பெரிய குழப்பமில்லை. காசை இழப்பது ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற அரச உதவிப்பணப் படிவத்தில்தான்.

அங்கே ஷெல்ரர் என்றால் வீட்டுச் செலவு. தனி ஆளுக்கு ஆகக்கூடியது மாதம் 733 டொலர்: அடிப்படைத் தேவைக்கு 343, ஷெல்ரருக்கு 390. 2018க்குப் பிறகு ஏறாத தொகை. ‘நான் ஷெல்ரரில் இல்லையே’ என்று வாடகை விபரத்தைக் கொடுக்காமல் விட்டால் அந்த 390 வராது. கொடுத்தாலும் முழுசாக வரும் என்றில்லை, உண்மையான செலவுக்குத்தான் வரும். அறை வாடகை 300 என்றால் 300. ஹைட்ரோ (மின்சாரம்), ஹீற் (வீட்டைச் சூடாக்குவது), வாடகை வீட்டுக் காப்புறுதி தனியாகக் கட்டினால் பில்லைக் காட்டி 390 வரை சேர்க்கலாம். வாடகை 650 என்றால் மிச்சம் 260ஐ அடிப்படைத் தேவைக்கான 343இலிருந்துதான் எடுக்கவேண்டும். கையில் நிற்பது 83 டொலர்.

பேஸ்மென்றில் (வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில்) அறை எடுப்பவர்கள் வீட்டுக்காரர் தரும் கடிதத்தை வாசித்துவிட்டு ஒப்படையுங்கள். ‘சாப்பாட்டோடு’ என்று இருந்தால் கணக்கே மாறும்: இரண்டு பங்குக்குப் பதிலாக ஒரே தொகை, அதுவும் குறைவாக. மூன்று நேரமும் சமைத்துத் தருகிறார்கள் என்றால் அப்படித்தான் எழுதவேண்டும். எப்பவாவது மேலிருந்து புட்டும் சம்பலும் இறங்கி வருவது அந்தக் கணக்கில் சேராது.

வாடகை ரசீதைக் காசில்லாமல் கேட்டு வாங்க வாடகைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வீட்டுச் சொந்தக்காரரோடு குசினியோ குளியலறையோ பகிரவேண்டிய இடமென்றால் அந்தச் சட்டமே பொருந்தாது. அங்கே காசைக் கொடுக்க முதலே தொகை, திகதி, கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்க இடமே இல்லை, இரவு தங்கும் ஷெல்ரர்தான் வேண்டும் என்றால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கட்டில் உடனே கிடைக்கும் என்று நம்பிப் பெட்டியோடு புறப்படவேண்டாம், இடம் நிரம்பிக் கிடப்பதுதான் வழக்கம். ஷெல்ரருக்குள் இருக்கும்போது படுக்கையும் சாப்பாடும் அவர்கள் தருவதால் 390 கிடையாது, கைச்செலவுக்குச் சிறு தொகைதான்.

அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் ஷெல்ரரிலிருந்து அறைக்கு மாறும்போது, புது விலாசத்தைக் கோரிக்கையை விசாரிக்கும் சபைக்கும் குடிவரவுத் துறைக்கும் எல்லைச் சேவைக்கும் வெவ்வேறாக அறிவிக்கவேண்டும். ஒரு இடத்தில் சொன்னது மற்ற இடத்துக்குத் தானாகப் போகாது. விசாரணைக் கடிதம் பழைய ஷெல்ரரில் கிடக்க நீங்கள் போகாமல் விட்டால், கோரிக்கையைக் கைவிட்டதாகவே தீர்ப்பு எழுதிவிடலாம்.