விலைக்கு வாங்கிய நர்சிங் கட்டுரை எங்கே மாட்டுகிறது

இங்கிலாந்தில் நர்சிங் பட்டத்துக்கு 4,600 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். பாதி பாடம், பாதி பிளேஸ்மென்ட், அதாவது மருத்துவமனை வார்டு போன்ற இடங்களில் நேரடிப் பயிற்சி. வார்டு ஷிஃப்ட் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும்; அதற்குச் சம்பளமும் கிடையாது. அதனால் ஓய்வு நாளிலும் பலர் கேர் ஹோமில் வேலை பார்க்கிறார்கள். 2,000 சொல் கட்டுரை கெடு நெருங்கும்போதுதான் "நாங்கள் எழுதித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. சோம்பேறிகள்தான் இதில் விழுகிறார்கள் என்பது அநியாயமான பேச்சு.

ஆனால் நர்சிங் கட்டுரையை வெளியாள் எழுதினால் எளிதில் தெரிந்துவிடும். சொந்த அனுபவத்தை அலசி எழுதப் பயன்படும் கிப்ஸ் சுழற்சி என்ற முறையின் ஆறு படிகளையே பாருங்கள்: நடந்தது, உணர்ந்தது, நன்மை தீமை, அலசல், முடிவு, அடுத்த திட்டம். நோயாளியைப் பார்க்காதவர் இரண்டாம் படியில் "வருத்தமாக இருந்தது" என்பதைத் தாண்ட மாட்டார். அலசலில், இல்லாத ஆய்வுக்கட்டுரைகள் மேற்கோளாக நிற்கும். வார்டின் பெயரை அப்படியே போட்டு, நோயாளி ரகசியத்தை மீறிய குற்றத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சந்தேகம் வந்தால் ஆசிரியர் நேரில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

2022 ஏப்ரலில் நிறைவேறிய சட்டப்படி இங்கிலாந்தில் காசுக்கு எழுதித் தருவதும் அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். வாங்கும் மாணவர் மீது அந்தச் சட்டம் பாயாது. அவருக்கு ஆபத்து வேறு பக்கம்: நர்ஸாகப் பதிவு பெறுவதற்கு முன் மாணவரின் நன்னடத்தையைப் பல்கலைக்கழகம் நர்சிங் கவுன்சிலுக்கு உறுதி செய்ய வேண்டும். விற்றவரிடம் உங்கள் பெயரும், பல நேரம் பல்கலைக்கழகப் போர்ட்டல் பாஸ்வேர்டும் இருக்கும். வேலையில் சேர்ந்த பிறகும் அதைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்கலாம்.

பிளேஸ்மென்ட் தொடங்குமுன்பே கட்டுரைத் தலைப்பையும், எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அட்டவணையையும் வாங்கிவிடுங்கள். ஷிஃப்ட் முடிந்த அன்றே, பெயர், படுக்கை எண், வார்டு எதுவும் இல்லாமல், ஒரு சம்பவத்தை ஐந்து வரி எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து எழுதினால் உணர்ந்தது மறந்து, செய்தது மட்டும்தான் நினைவிருக்கும். கட்டுரை வெறும் விவரிப்பாகித் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். விவரிப்புக்கு 300 சொல் போதும். மதிப்பெண் அலசலில்தான் இருக்கிறது.

அவகாசம் வேண்டுமென்றால் கெடுவுக்கு முன்பே கேளுங்கள். ஷிஃப்ட் அதிகம் என்பதை மட்டும் பல இடங்களில் காரணமாக ஏற்பதில்லை. நோய், வீட்டில் இறப்பு போன்றவற்றுக்குச் சான்றுடன் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் அரைகுறையாக இருந்தாலும் சொந்தக் கட்டுரையைக் கொடுங்கள். தோற்றால் பொதுவாக மறுமுறை எழுதலாம். மதிப்பெண்ணுக்குத் தேர்ச்சி அளவே (பெரும்பாலும் 40) உச்சவரம்பாக வரும், நர்ஸ் பதிவு அதனால் கெடாது.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் அந்தக் கோப்பைச் சமர்ப்பிக்காதீர்கள். பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவிடம் பேசுங்கள்; பொதுவாக அவர்கள் பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து தனித்து இயங்குபவர்கள்.