டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்று பாட்டி சொன்னதை நம்பி

அம்மா வழிப் பாட்டி ஆங்கிலோ இந்தியர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ் மர்ஃபி அயர்லாந்திலிருந்து வந்த சிப்பாய், பட்டாளம் "டப்ளின் ஃபியூசிலியர்ஸ்". இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு இரண்டு வருஷம் போச்சு.

பிரிட்டிஷ் பட்டாளம் என்றால் லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம்தான் என்று நினைத்து, பென்ஷன் வாங்கிய சிப்பாய்களின் கோப்புகளான டபிள்யூஓ 97 வரிசையில் முதலில் இறங்கினேன். அயர்லாந்திலேயே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர் மர்ஃபி. நம்மூர் வாக்காளர் பட்டியலில் முருகனைத் தேடுகிற கதைதான். அது சரிவராமல், லண்டனில் இருக்கும் சித்தி பையனை லீவு போட வைத்துப் பட்டாளத்தின் சம்பளப் பட்டியல்களைப் பார்க்க அனுப்பினேன். முகவரிச் சான்று கொண்டுபோகாததால் ரீடர் டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வந்தான். இரண்டாவது லீவில் போய்ப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் பொருந்தலண்ணே. இனிமே ஏதாவது கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க, வரேன்" என்றான்.

எப்படிப் பொருந்தும்? ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற பெயரே 1881-இல்தான் வந்தது. அதன் முதல் பட்டாலியன் அதற்கு முன் 102-ஆம் ரெஜிமெண்ட். 1862-க்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனி வளர்த்த மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். எங்கள் ஆள் ராணியின் சேனைக்கு, அதாவது பிரிட்டிஷ் அரசின் ராணுவத்துக்கு, மாறாமலேயே விலகியவர். பிற்பாடு பிள்ளைகள் புதுப் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்கள். பாவம், அவர் டப்ளினைக் கண்ணால் பார்த்தாரோ என்னவோ. கம்பெனிச் சிப்பாய்களின் காகிதங்கள் கியூவில் இல்லை. பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. தேடப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ராணியின் சிப்பாயா, கம்பெனிச் சிப்பாயா என்பதைத்தான்.

அங்கே கப்பலேறியவர்களின் பட்டியலில் அரை நாளில் அகப்பட்டார். 1844, வயது 18, கூலியாள், கார்க் மாவட்டம், மாலோ.

கல்யாணப் பதிவில்தான் மறுபடி மாட்டிக்கொண்டேன். மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயிருக்கின்றன. 'என் 2' என்று அந்த வரிசைக்குப் பெயர். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் பாதிரியார்கள் அனுப்பியவை. எங்களவர் கத்தோலிக்கர், அதில் இல்லை. ஆக, சென்னையில் ஒரு பழைய கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலக வாசலில் போய் நின்றேன்.

முதல் தடவை ஃபாதர் ஊரில் இல்லை. இரண்டாவது தடவை, எங்கள் பங்கிலிருந்து கடிதம் வேண்டும் என்றார் கிளார்க். கடிதத்தோடு போனால், "தேதி சொல்லுங்க சார், தேதி இல்லாம எதைத் தேடுறது?" தேதி தெரிந்தால் நான் ஏன் சார் உங்களிடம் வருகிறேன்? நாலாவது தடவை, பதிவேட்டின் பின்பக்க அட்டவணையில் 'எம்' எழுத்தை ஒரு நோட்டம் விட்டு, "மர்ஃபி யாரும் இல்ல" என்று மூடிவிட்டார். மூடுவதற்குள் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. அட்டவணை குடும்பப்பெயர் வரிசையில் இல்லை, ஞானஸ்நானப் பெயர் வரிசையில் இருந்தது. பதிவேடோ லத்தீன். "சார், ஜேம்ஸுக்கு லத்தீன்ல யாக்கோபுஸ் (Jacobus). 'ஜே' எழுத்தைப் பாருங்களேன்." சலித்துக்கொண்டேதான் திருப்பினார். ஏழாவது பெயர். தகப்பன் பெயர் கொர்னேலியுஸ். அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அயர்லாந்துப் பக்கம் பயந்த அளவுக்கு இல்லை. 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததில் 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு அநேகமாக முழுவதும் போய்விட்டது. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தக் கோயில்களிலேயே இருந்ததால் பிழைத்தன. அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் அவற்றை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. ஆனால் அது மைக்ரோஃபிலிம் படம் மட்டும், பெயர் போட்டுத் தேட முடியாது. வணிகத் தளங்களின் அட்டவணையில் ஆண்டைப் பிடித்துக்கொண்டு படத்துக்குப் போவது நல்லது. சேரும்போது சொன்ன வயதை நம்பி 1826-ஐச் சுற்றியே புரட்டிக்கொண்டிருந்தேன். கிடைத்தது 1828-இல். தகப்பன் கொர்னேலியுஸ், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானப்பெற்றோர் இருவர், எல்லாம் இருந்தது. பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்று சொல்லிக் கப்பலேறியிருக்கிறான்.

சென்னைக் கல்யாணப் பதிவின் நகலை அதன்பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குத் தகப்பன், தாய், ஊர், எல்லாம் இருக்கிறது. பெண்ணுக்கு 'மரியா' என்று மட்டும். பெற்றோர் பெயருக்கான இடம் காலி. இந்த ஊர்ப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அதே கோயிலின் வேறொரு பதிவேட்டில் இருக்கலாம். தேதி தெரியாது. அதே கிளார்க்கிடம்தான் போக வேண்டும். இந்தத் தடவை சமோசா வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.